கொத்தனார் கட்டிப்போட்ட பாலம்

ரயில் ஓடுவது நின்று முப்பது வருஷமாகியும், அந்த இரும்புப் பாலம் தினமும் உச்சிவெயிலில் ஒரு தடவை ‘டமார்’ என்று அலறும். அதை வைத்துத்தான் என்ஜினியர் முடிவுக்கு வந்திருந்தார்.

“உள்ள எங்கயோ விரிசல் விடுதும்மா. நாளைக்குப் பாரம் ஏத்தறப்போ கத்துச்சுன்னா, இடிக்கச் சொல்லி எழுதிடுவேன்.”

ஒரு காலத்தில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்ததால் ஊருக்கு அவள் ஃபிட்டரம்மா. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி இந்தச் சோதனையை வாங்கியவளே அவள்தான். பாலத்தில் நடைபாதை வந்தால் அக்கரைத் தையல் ஆலைக்குப் பத்து நிமிஷம். இப்போது சுற்றிப் போகிற பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆலையில் தைக்கும் அவள் மகள், கைக்குழந்தை விழிக்குமுன் கிளம்பி, அது தூங்கிய பிறகுதான் வீடு திரும்புகிறாள்.

மூன்று நாளாகச் சுத்தியலால் ஒவ்வொரு ரிவெட் ஆணியாகத் தட்டிப் பார்த்திருந்தாள். எல்லாம் விரிசலில்லாமல் கணீரென்றன. அப்படியானால் அலறுவது எது?

இக்கரைத் தூணின் தலைக்கு ஏணி வைத்து ஏறினாள். வெயிலில் இரும்பு நீளும். அதற்காகவே பாலத்தின் ஒரு முனையை இறுக்கிவிட்டு, மறுமுனையை உருளைகள்மேல் உட்கார்த்தியிருப்பார்கள். இங்கே உருளைகளையே காணோம். அவற்றைச் சுற்றி மழமழவென்று சிமெண்டு. ஓரமெல்லாம் அழகாக உருட்டிய பூச்சு. அந்தக் கைவண்ணம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு அடுப்பு மேடையிலும் அதே ஓரம்தான்.

“ஏங்க, பாலத்துக்குக் கீழ சிமெண்டு யாரு போட்டது?”

வீட்டிலிருந்த அவள் புருஷன் கொத்தனாருக்கு முகமெல்லாம் பல். “நாந்தான்! ரயில் நின்ன வருஷம். உருளை ஆடிட்டிருந்துச்சு, யாரும் கேக்காமலே போட்டுக் குடுத்தேன். எப்படி நிக்குது பாத்தியா?”

“நிக்குது. நகர விடாம கட்டிப்போட்டிருக்கீங்க. நீள இடமில்லாம முட்டி முட்டித்தான் அது தினம் அலறுது.”

கொத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஊரே கேக்கற சத்தம்... என் வேலையா?”

“பெருமைய அப்புறம் பாத்துக்கலாம். உளிய எடுங்க.”

விடிந்ததும் என்ஜினியர் தூண்மேல் ஏறிக் குனிந்து பார்த்துவிட்டு, “உடைங்க. ஆனா மத்தியானம் கத்தக் கூடாது” என்றார்.

கொத்தனார் அடித்தார். உளிதான் மழுங்கியது. “என்னா கலவை போட்டிருக்கேன் பாரு!”

“நம்ம ஒழுகற மாடிக்கு இதப் போடத் தோணலையே உங்களுக்கு?”

பத்து மணிக்குக் கடைசிப் பாளம் பெயர்ந்தது. ஃபிட்டரம்மா உருளைகளை மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் அப்பி, விளிம்பில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். மேலே மணல் மூட்டைகள் ஏறின.

உச்சிவெயில். இரண்டு கரையிலும் ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பன்னிரண்டு. பன்னிரண்டரை. ஒரு மணி. பாலம் மூச்சுக்கூட விடவில்லை.

அவள் குனிந்தாள். சாக்பீஸ் கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தது.

“நகந்துடுச்சு சார்!”

பாலம் எவ்வளவு தாழ்ந்தது என்று காட்டும் அளவுமானியை என்ஜினியர் பார்த்தார். மூட்டைகளை இறக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். “தாழ்ந்தது அளவுக்குள்ளதான். முழுசா எழும்பிடுச்சு. என் கணக்குத்தாம்மா தப்பு” என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அக்கரையில் சாப்பாட்டு இடைவேளைக்கு வந்து நின்ற தையல்காரிகள் கூச்சல் போட்டார்கள். நடுவிலிருந்து மகள் குரல், ஆற்றைத் தாண்டி:

“அம்மா! பாலம் கத்தலையேம்மா!”

“அதுக்கும் சேத்துத்தான் நீங்க கத்தறீங்களேடி!”

கரையில் நின்றவர்களிடமிருந்து பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபிட்டரம்மா பாலத்தில் ஏறினாள். உளியும் கையுமாகப் பின்னால் வந்த கொத்தனார், “ஏய், பாத்து... தாங்குமா?” என்றார்.

“தாங்கும். நீங்க ஒண்ணும் பூசாம வந்தா போதும்” என்று நடந்தாள் அவள், நடுப்பாலத்தில்.