குமிழைக் குறைத்தபோது

அச்சகத்தில் அவரை எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் பேஸண்ணன். நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற ஒரு சின்னக் குழுவில் பேஸ் கிட்டார் அவர் கையில் இருந்தது. டிரம்ஸ் வாசிப்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வாரநாட்களில் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவன். பாடுவது ஒரு பள்ளிக்கூட டீச்சர். லீட் கிட்டார், ஒரு பல் டாக்டர்.

டாக்டருடைய மாடிக் கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை. அதனால் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே ஒத்திகை. சுவர் முழுக்கப் பற்களின் படங்கள். டிரம்ஸுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல், வேரோடு.

"நம்ம பாட்டக் கேட்டும் பல்லக் காட்டுற கூட்டம் இது ஒண்ணுதான் மாமா" என்பான் மச்சினன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பேஸண்ணன் தன் கிட்டாரில் கை வைக்கும்வரை.

அந்தக் கிட்டாரில் இரண்டு பிக்கப்புகள். கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் காந்தப் பட்டைகள் அவை. கம்பியின் அதிர்வைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்புவது அவைதான். பட்டைக்கொரு குமிழ். எந்தப் பட்டையின் சத்தம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு திருகிக்கொள்ளலாம். பின்பக்கத்துப் பட்டை பழசாகி, வாசிக்கும்போது கரகரவென்று இழுத்தது. டீச்சருடைய பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் சத்தத்தைச் செம்மையாக்கிவிடுவது என்று பேஸண்ணன் புதுப் பட்டை ஒன்றை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, தானே கழற்றி மாட்டினார். அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கக் கூடாதென்று ஆம்ப்பைச் சன்னமாக வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு குமிழை மட்டும் திறந்து தட்டிப் பார்த்தார். இரண்டுமே தங்கமாகப் பேசின. திருப்தியாக உறையில் போட்டு மூடினார்.

அடுத்த ஒத்திகையில் இரண்டு குமிழையும் முழுக்கத் திறந்து வாசித்தார். கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பார். ஆனால் அன்றைக்குப் பாட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய அந்தக் கனத்தைக் காணோம். விரல் கம்பியில் படுவது கேட்டது. நாசியால் பேசுகிற மாதிரி ஏதோ ஒரு 'ணிங்' கேட்டது. அடிநாதம் மட்டும் இல்லை.

ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டார். "அண்ணா, கொஞ்சம் கொறைங்கண்ணா. நான் பாடுறது எனக்கே கேக்கல."

"எனக்குப் பேஸே கேக்கலையேம்மா!"

"என்ன மாமா நீங்க?" என்று மச்சினன் சிரித்தான். "கீழ டீக்கடைல உக்காந்திருக்கவன்லாம் காதப் பொத்திக்கிட்டிருப்பான். உங்களுக்கு மட்டும் கேக்கலையா? காத ஒரு தடவ காட்டிட்டு வாங்க."

விளையாட்டாகச் சொன்னான். டாக்டர்கூடச் சிரித்தார். பேஸண்ணனும் சிரித்துவைத்தார். ஆனால் அந்த வார்த்தை அவர் மனதில் தைத்துவிட்டது.

காரணம் இருந்தது. அவர் வேலை பார்க்கும் அச்சகத்திலேயே அவருக்கு முன்னால் வேலை பார்த்தவர் அவருடைய சித்தப்பா. மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது. முதலில் எல்லோரையும் "என்ன, என்ன" என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் யாராவது சிரித்தால் தானும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். கடைசியில் ஆட்கள் கூடியிருக்கிற அறைக்கே வராமலாகிவிட்டார். அந்த ஒரு நொடி தாமதம் பேஸண்ணனுக்கு நன்றாக நினைவிருந்தது.

தன் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிட்டாரோடு மல்லுக்கட்டினார். கம்பிகளை மாற்றினார். வயரை மாற்றினார். பட்டைகளின் திருகைத் தளர்த்தி, கம்பிக்குக் கொஞ்சம் நெருக்கமாக ஏற்றினார், பிறகு இறக்கினார். டாக்டருக்குத் தெரிந்த ஒருவரிடம் பெரிய ஆம்ப் இரவல் வாங்கி, மாடிப்படியில் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கும் அதே கதை. மற்றவர்கள் "கொறைங்க" என்றார்கள். அவருக்கோ பேஸ் கேட்கவே இல்லை. இத்தனையும் மாற்றியும் சரியாகவில்லை என்றால், மாறாமல் இருக்கிற ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது தன் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. அச்சகத்தில் முதலாளி ஏதோ சொல்ல, மிஷின் சத்தத்தில் புரியாமல் போனால் அவருக்கு முகம் வியர்த்துவிடும். வீட்டில் மனைவி அடுப்படியிலிருந்து பேசினால், எங்கே தப்பாகக் கேட்டிருக்குமோ என்று பதில் சொல்லாமலே இருந்தார்.

ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. மனைவி எட்டிப் பார்த்தார். பேஸண்ணன் இடுப்பில் துண்டோடு, கைக்கடிகாரத்தை வலது காதில் வைப்பதும் இடது காதில் வைப்பதுமாக நின்றிருந்தார்.

"வாட்ச் நின்னுபோச்சாங்க?"

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. "இல்ல. ஓடுது."

"அப்புறம் எதுக்கு ரெண்டு காதுக்கும் ஊட்டி விட்டுக்கிட்டிருக்கீங்க?"

அவர் கடிகாரத்தைக் கீழே இறக்கினார். மனைவி கதவை முழுக்கத் திறந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு மாசமாப் பாக்குறேன். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறீங்க. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சுட்டு நானும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கேன். என்னன்னு சொல்லுங்க."

"எனக்குக் காது போகுது" என்றார் பேஸண்ணன். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். ஒத்திகையில் நடந்ததைச் சொன்னார். "அடிச் சத்தமே விழ மாட்டேங்குது. விழா வேற வருது. டீச்சர்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லலாம்னு இருக்கேன்."

மனைவி, "எம்மேல கோவம் இல்லல்ல?" என்றார்.

"உன்மேல எனக்கு என்ன கோவம்?"

"அது போதும். சட்டையப் போடுங்க. காதுக்கு டாக்டர் இல்லாமயா இருக்காங்க? நீங்களா ஒரு வாட்ச வெச்சு வைத்தியம் பாத்துக்கிட்டு..." என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை இருவருமாகக் காது மருத்துவமனைக்குப் போனார்கள். காது சோதிக்கும் பெண் அவரை அலமாரி அளவு அறைக்குள் உட்கார வைத்து, காதுகளுக்கு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். "சத்தம் கேக்கும்போது அமுக்குங்க. எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி. கேக்கலன்னா சும்மா இருங்க."

கனமான கதவு மூடியது. அப்படியொரு நிசப்தத்தில் அவர் இருந்ததே இல்லை. தன் மூச்சும் எச்சில் விழுங்குவதும்தான் கேட்டன. ஒரு 'பீப்'. அமுக்கினார். இன்னொன்று, தூரத்தில். அமுக்கினார். அப்புறம் ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, இல்லை தனக்குத்தான் கேட்கவில்லையா? கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது. அப்போது அடியிலிருந்து, மிக அடியிலிருந்து, ஒரு 'உம்ம்' எழுந்தது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் கடைசியில் மிஞ்சுமே, அந்த மாதிரி. அமுக்கினார். அதைவிடச் சன்னமாக மறுபடியும். அமுக்கினார். அவருக்கே நம்பிக்கையில்லாமல் மறுபடியும் அமுக்கினார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் சோதனையின் வரைபடத்தைக் காட்டினார். "மேல் சுருதி கேக்குறது மட்டும் லேசாத் தேஞ்சிருக்கு. மிஷின் பக்கத்துல வேலைன்னீங்கல்ல, அதான். இனிமே காதடைப்பான் போடாம மிஷின் கிட்டப் போகாதீங்க. மத்தபடி நல்லா இருக்கு."

"அடிச் சத்தம்?" என்றார் பேஸண்ணன்.

"அதுல உங்க வயசுக்காரங்க இவ்ளோ கரெக்டா அமுக்குறது அபூர்வம் சார். எறும்பு நடந்தாக்கூடச் சொல்லிடுவீங்க போல."

பேஸண்ணன் நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தார். மனைவி அந்தப் பெண்ணிடம், "அப்ப இனிமே நான் கூப்பிட்டுக் கேக்கலன்னு சொன்னா நம்பக் கூடாதுல்ல?" என்று கேட்டார். மூவரும் சிரித்தார்கள். பேஸண்ணனும் சரியான நேரத்தில்தான் சிரித்தார்.

தெருவில் நடக்கும்போது அவருக்கு எல்லாமே கேட்டது. சைக்கிள் செயின், யாரோ ஷட்டரை இழுப்பது, மனைவியின் செருப்பு. பாதி தூரம் வந்தவர் சட்டென்று நின்றார்.

"என்னாச்சு?"

"காது நல்லா இருக்குன்னா எனக்குக் கேக்காதது நெஜமாவே அங்க இல்லன்னுதான அர்த்தம்? அப்ப கோளாறு கிட்டார்லதான்!"

அடுத்த நாள் ஒத்திகைக்கு மனைவியும் வந்தார். பேஸண்ணன் கிட்டாரை மாட்டிக்கொண்டு, "யாரும் வாசிக்காதீங்க. நான் மட்டும்" என்றார். இரண்டு குமிழும் முழுக்கத் திறந்திருந்தன. தடித்த கம்பியை மீட்டினார். அதே 'ணிங்'. இந்த முறை அவர் தன் காதைச் சந்தேகப்படவில்லை. மீட்டிக்கொண்டே, புதுப் பட்டையின் குமிழை மெல்லக் குறைத்தார்.

சத்தம் பெருத்தது.

குறைக்கக் குறைக்கப் பெருத்தது. முழுக்க மூடியபோது கம்பியின் முழு உடம்பும் வெளியே வந்து, ஓரமாகக் கிடந்த நாற்காலிகள் லேசாக அதிர்ந்தன. மறுபடியும் திறந்தார். ஒல்லியாகிப் போனது.

"மாமா, என்ன இது?" மச்சினன் எழுந்து வந்தான். "கொறைச்சா கூடுது!"

பேஸண்ணனுக்குத் தலையில் விளக்கெரிந்தது. "ரெண்டு பட்டையும் ஒண்ணுக்கொண்ணு எதிரா வேல செய்யுது. இது தள்ளும்போது அது இழுக்குது. தனித்தனியா நல்லா இருக்கும். சேத்துத் தொறந்தா அடிச் சத்தத்த ரெண்டுமாச் சேந்து அழிச்சிடும். புதுசுல ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்துட்டேன்."

"பழசு மாதிரியேதான குடுத்தீங்க?"

"பழசு மாதிரியேதான் குடுத்தேன். இது வேற கம்பெனி. இவன் கலர மாத்தி வெச்சிருக்கான்."

மச்சினன் கீழே ஓடிப்போய் வண்டியிலிருந்து, வயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எடுத்து வந்தான். கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. டாக்டர் உள்ளறைக் கதவைத் திறந்து, "இங்க கொண்டாங்க" என்றார். அப்படித்தான் பேஸ் கிட்டார் பல் டாக்டர் நாற்காலியில் மல்லாந்து படுத்தது. மேலே பெரிய விளக்கு. டாக்டர் பழக்க தோஷத்தில் கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் வயரைப் பிடித்தார். டீச்சர் திருகாணிகளைச் சின்ன எஃகுத் தட்டில் வாங்கி வைத்தார்.

"வாயப் பெருசாத் தொறங்க" என்றான் மச்சினன் கிட்டாரிடம். "வலிச்சா கையத் தூக்குங்க."

ஈயப் புகை மெல்லிசாக எழுந்தது. வெள்ளை வயர் இருந்த இடத்துக்குக் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்துக்கு வெள்ளை. அவ்வளவுதான் வேலை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்கா ஒரு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தோம் என்று பேஸண்ணனுக்குச் சிரிப்பாக வந்தது. சிரிக்கப் போனால் அழுகை வந்துவிடும் போலவும் இருந்தது.

திரும்பவும் மாட்டினார். இரண்டு குமிழும் முழுக்கத் திறந்தபடி மீட்டினார்.

அந்தச் சத்தம் தரை வழியாக வந்தது. முன்பக்கத்துப் பட்டையின் கனமும் புதுசின் தெளிவும் கை கோத்துக்கொண்டிருந்தன. நாதம் எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று தனியாகக் கேட்டது. ஆம்ப்பில் சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினார். அப்போதும் அது அங்கேயே இருந்தது. மச்சினன் டிரம்ஸுக்குத் தாவினான். டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாடாமல் கொஞ்ச நேரம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இப்பதான் பாட எடம் கெடச்சிருக்கு" என்றார்.

பாட்டு முடிந்ததும் மச்சினன் பக்கத்தில் வந்தான். அக்கா அவனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். முகம் தொங்கிப்போயிருந்தது. "மாமா, அன்னைக்குக் காதப் பத்தி நான் ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது மாமா, சத்தியமா."

"நீ சொல்லலன்னா நான் போய்க் காட்டியிருக்கவே மாட்டேன். வாசி போ."

பள்ளி விழாவில் மேடைக்கு முன்னால் பிள்ளைகள் ஒரே கூச்சல். பேஸண்ணனுக்கு எல்லாமே கேட்டது. கடைசிப் பாட்டில் டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் மேடையேறி ஆடியபோது, பலகைத் தரையின் அதிர்வும் அவருடைய கம்பியின் அதிர்வும் ஒன்றாகக் காலில் ஏறின. அதற்குமேல் வேண்டியது ஒன்றுமில்லை என்று தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும், தூங்கிப்போனார். மனைவி கிட்டாரை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய இடம் வந்தது. "ஏங்க" என்றார் மெதுவாக. அசைவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பி, "அவருக்குக் காது கேக்காதாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நல்லாக் கேக்குங்க" என்றார் மனைவி. "தூங்கட்டும். அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்துக்கிறோம்."