ரஸ்ட்டுக்குச் சிவப்புப் பூ

ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத ஒன்றரை மாதமாக மொழி தேடிக்கொண்டிருந்தாள் ஹேமாவதி. வீடு வீடாகப் பெண் பார்த்து, பஜ்ஜி தின்றுவிட்டு வரும் மாப்பிள்ளைகூட இவ்வளவு இழுத்தடிக்க மாட்டான்.

எல்லாம் அண்ணன் அழகுசுந்தரத்துக்காக. அவர் தச்சாசாரி. நேமத்தான்பட்டியில் பழைய வீடு ஒன்றைப் பிரித்ததில் மிஞ்சிய ஏழு தேக்குப் பலகையில், ஒரு கதவும் நாலு சன்னலும் செய்து தருவதாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆணி ஓட்டை, வெடிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கித்தான் அறுக்க முடியும். ஓர் அறுப்பு பிசகினால் அந்த மரம் திரும்பக் கிடைக்காது.

"லட்சம் விதமா வெட்டிப் பாத்து, நல்லதைக் கம்ப்யூட்டரே சொல்லும்ணே. எட்டு ஆளைப் பிரிச்சுவிட்ட மாதிரி ஒரே நேரத்துல வேலை பாக்கும்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் ஹேமாதான்.

எட்டு ஆளையும் மேய்க்க எந்த மொழி? ரஸ்ட் என்ற மொழியில் எழுதினால் ஒருத்தன் வேலையில் இன்னொருத்தன் கை வைக்க முடியாது. கோ என்ற மொழியில் சுருக்க எழுதிவிடலாம். யூடியூப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணனோ திங்கட்கிழமை அறுக்க நாள் குறித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஹேமா, அம்மா பாண்டீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போய்விட்டாள். படித்த பிள்ளை! கோவுக்கு வெள்ளைப் பூ, ரஸ்ட்டுக்குச் சிவப்பு. இரண்டையும் இலையில் மடித்துச் சன்னிதியில் வைத்து, சாமி கும்பிட வந்த ஓர் அம்மாவை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது.

ரஸ்ட்டில் ஹேமாவுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. வரிக்கு வரி தப்பு என்றது கம்ப்யூட்டர். ஞாயிறு மத்தியானம் அழுதேவிட்டாள்.

"வெள்ளைப் பூவுல எழுதித் தொலையேன்டி."

"பெருமாள் சொன்னதை எப்படிம்மா மீறுறது?"

"ஆபீசுல தெனம் எதுல எழுதுற?"

"ஜாவா. அது பழசும்மா. சிரிப்பாங்க."

"பழசோ புதுசோ, எட்டு ஆளை வேலை வாங்குமா வாங்காதா?"

"வாங்கும்..."

"அதை நீ பெருமாள்ட்ட கேக்கவே இல்லையேடி! கேக்காததை அவரு எப்ப வேணாம்னாரு?"

அட, ஆமாம்! ஹேமா முகத்தைக் கழுவிக்கொண்டு ஜாவாவில் எழுத உட்கார்ந்தாள். கை தன் பாட்டுக்கு ஓடியது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு எட்டு ஆளும் ஒன்றாக வேலையில் இறங்க, எந்தப் பலகையை எங்கே அறுப்பது என்ற படம் வந்து விழுந்தது.

திங்கட்கிழமை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அண்ணன் அறுத்தார். ஹேமா பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவே பயந்தாள். ஏழாவது பலகையின் கடைசித் துண்டை அண்ணன் நாலாவது சன்னல் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரு வார்த்தை பாராட்டவில்லை மனுஷன். மரத்தூளைத் தட்டிவிட்டு, நேமத்தான்பட்டி வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"ஐயா, கதவும் வந்துருச்சு, நாலு சன்னலும் வந்துருச்சு... நான் கணக்குப் போடலைய்யா... யாருன்னா கேக்குறீக? எங்க வீட்டுல இன்னொரு ஆசாரி இருக்காய்யா. என் தங்கச்சி."