நீளம் போதாத சிரிப்பு

அந்தச் செய்தி ஓடிய மறுநாளிலிருந்து சாவிக்காரர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நகை திருடு போயிருந்தது. பூட்டு உடையவில்லை, கதவு பெயரவில்லை. ஆகவே கள்ளச்சாவி என்று டீவி முடிவுகட்டிவிட்டது. சாவிக்காரரின் பெயரை யாரும் சொல்லவில்லை, கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பின்னணிக் குரல் 'கள்ளச்சாவி' என்று அழுத்திச் சொன்ன இடத்தில், திரை முழுக்க அவர் முகம். ஒரு சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல விரியும் சிரிப்பு.

போலீஸ்கூட அவரைத் தேடி வரவில்லை. வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தாலாவது, 'விசாரிச்சு விட்டுட்டாங்க' என்று சொல்லிக்கொள்ளலாம். குற்றமே சாட்டாதபோது எதை மறுப்பது? அவர் தொழிலோ, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற தொழில். அதில் அரத்துக்கு அடுத்த முதலீடு முகம்தான். அந்த முகம் போய்விட்டது. எதிர்வீட்டு அம்மா புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு அவர் கடையைத் தாண்டிப் போனாள், பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

அவர் மனைவி பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பவள். விடை தப்பென்றால் திட்டமாட்டாள். எந்தப் படியில் தப்பியது என்று மேலிருந்து தேடுவாள். இதையும் அப்படித்தான் தேடினாள். செல்போனில் செய்தியை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். திறந்து கிடக்கும் பீரோ. அழுகிற வீட்டுக்காரி. 'டம்' என்று ஒரு சத்தம். கணவரின் சிரிப்பு. உடனே போலீஸ் ஜீப். அழுகைக்கும் ஜீப்புக்கும் நடுவில் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவன் திருடனாகத்தான் தெரிவான் என்று அவளுக்குப் புரிந்தது.

திரையில் அவர் போட்டிருந்த நீலச் சட்டையும் அவளுக்குத் தெரிந்ததுதான். போன வருஷம் இதே சேனல் தெருவோரத் தொழில்களைப் பற்றி எடுத்த நிகழ்ச்சிக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தது. அப்போது அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய நாத்தனார், இப்போது போனில் கேட்டாள்: "எல்லாம் சரி அண்ணி, அண்ணன் எதுக்கு அப்படிச் சிரிக்கணும்?"

மறுநாள் காலையிலேயே அவள் சேனல் அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு மூன்று பேர் அவளைப் பந்தாடிய பிறகு, ஒரு குளிரூட்டிய அறையில் அந்தச் செய்திக்குப் படங்களை வெட்டி ஒட்டிய எடிட்டர் அகப்பட்டான். தூக்கம் கெட்ட கண்கள், மேசையில் ஆறிப்போன டீ. வில்லனைப் பார்க்கப் போகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவளுக்கு அவனைக் கண்டதும் சப்பென்று ஆகிவிட்டது.

"நாங்க எங்கேயும் அவர்தான்னு சொல்லலையேக்கா."

"சொல்லலை தம்பி. காட்டினீங்க. 'கோப்புப் படம்'னு ஓரத்துல நாலு எழுத்துகூடப் போடலை. அதை விடுங்க, சிரிப்பை ஏன் அப்படி இழுத்தீங்க? பேய்ப் படத்துல வர்ற மாதிரி?"

அவன் மென்று விழுங்கினான். "கள்ளச்சாவின்னு குரல் முன்னாடியே பதிவாகி வந்துடுச்சு. அந்த இடத்துக்குப் படம் வேணும். சாவின்னு தேடினேன், இது வந்துச்சு. குரல் நாலு செகண்ட், சிரிப்பு ரெண்டு செகண்ட். நீளம் பத்தல. வேகத்தைக் குறைச்சு இழுத்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா. அவரைத் தப்பா காட்டணும்னு நான் நெனைக்கவே இல்ல."

அவளுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இரண்டு செகண்ட் பள்ளத்தை நிரப்ப ஒரு மனுஷனைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

மறுப்பு போடலாம் என்று அவனே சொன்னான். கீழே ஒரு வரியாக ஓடவிட்டால் யாருக்கும் புரியாது. முகத்தோடு போட்டால் புரியும், ஆனால் அந்த முகம் இன்னொரு தடவை திருட்டோடு சேர்ந்து வரும். "வீட்டுல கேட்டுச் சொல்லுங்க" என்றவன், பழைய காட்சியை வெட்டாமல் அப்படியே அவள் போனுக்கு அனுப்பி வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இத்தனை தடவை போட்டுப் பார்த்தியே, ஒரு தடவைகூட உனக்கு என் மேல சந்தேகம் வரலையா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரிடம் பூசி மெழுகி அவளுக்குப் பழக்கமில்லை.

"வந்துச்சு. ஒரே தடவை. அந்த 'டம்' சத்தத்தோட பார்த்தப்ப. அப்படியே போனைக் கவுத்து வச்சுட்டேன்." அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"டீக்கடை டீவியிலதான் நான் அதை முதல்ல பார்த்தேன். சிரிக்கிறான் பாரு திருட்டுப்பயன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அப்புறம்தான் அது நான்னு தெரிஞ்சுது."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவருக்கும் கண் கலங்கியது.

"நானே அப்படிச் சொல்லியிருக்கேன். எதிர்வீட்டு அம்மாவை எந்த வாயால குறை சொல்றது?" என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடிட்டர் அனுப்பியதைப் போட்டாள். இருவரும் அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்தார்கள். நீலச் சட்டைக்காரர் அரம் தேய்த்துக்கொண்டே, இயல்பான வேகத்தில், சத்தமாகப் பேசினார்: "வீட்டுச் சாவியை என் கையில கொடுத்துட்டு, இதோ வந்துடறேன்னு கடைத்தெருவுக்குப் போயிடுறாங்க சார். என் பேர்கூடக் கேட்கிறதில்லை. அதை நெனைச்சா எனக்கே சிரிப்பா வரும்." பிறகு சாவியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற, கூச்சமான ஒரு சிரிப்பு.

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவரை எடைபோடுவதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நல்ல மனுஷனாத்தான் தெரியறான்" என்றார். "மறுப்புல இவனையே போடச் சொல்லு."