கதவோர நாற்காலி

நீள மேசையின் தலைப்பில் ஆஸ்பத்திரி டீன், அவருக்கு வலப்புறம் அறுவைப் பிரிவின் துரைப்பாண்டியன் சார், இடப்புறம் எலும்புப் பிரிவின் காசிம் சார், அவருக்கு அடுத்து, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க டீ கிளாஸைப் பாரமாக வைத்துக்கொண்டு எங்கள் மகப்பேறு பிரிவின் ஹெப்சிபா, இவ்வளவுதான், வருகைப் பட்டியல் முடிந்தது, கதவோரம் தனியாகக் கிடக்கும் நாற்காலியும் அதில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறவளும் பட்டியலில் இல்லை, ஏனென்றால் எழுதுகிறவள் நான், எழுதுகிறவள் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது அழகில்லை என்று கழுகுமலைப் பள்ளிக்கூடத்தில் மன்றக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதிய நாளிலேயே கைக்குப் பழகிவிட்டது. பதினொரு வருஷம், எழுபத்துமூன்று கூட்டம், உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு டாக்டர், மினிட்ஸை நீங்களே எழுதிருங்களேன் என்று அப்போதிருந்த டீன் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது, அன்றைக்கே மாடிப்படியில் ஹெப்சிபா என் காதைத் திருகுகிறாள், ஏட்டி, உன்னைய குமாஸ்தா ஆக்கிட்டானுவ, நீ பல்லைக் காட்டிக்கிட்டு வாரே.

அந்தப் படியில்தான் பேசி வைத்துக்கொண்டோம், நான் துண்டுச்சீட்டில் எழுதி நகர்த்துவேன், அவள் என் பெயர் சொல்லி அதைப் பேசுவாள், அவள் பேசியதை யாரும் காதில் வாங்காமல் போனால் அவள் பெயரோடு நான் குறிப்பில் ஏற்றிவிடுவேன், இரண்டு பெண்கள் அந்த அறையில் தாக்குப்பிடிக்க வேறு வழி தெரியவில்லை. உதிரப்போக்குக்கான மருந்தெல்லாம் ஒரே பெட்டியில் பிரசவ வார்டிலேயே இருக்க வேண்டும், ஸ்டோர் சாவியைத் தேடி முடிப்பதற்குள் மாரிக்கனி என்ற பெண் என் கைக்குள்ளேயே குளிர்ந்து போனாள், அதைச் சீட்டில் எழுதி நகர்த்தினேன், ஹெப்சிபா எழுந்து, இது இவ யோசனை சார் என்றுதான் தொடங்கினாள், அவளைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் நான் எழுதியது டாக்டர் ஹெப்சிபா கூறினார் என்று, ஏன்ட்டி உம்பேரு போடல என்று கோபித்தாள், யாரு பேரா இருந்தா என்ன, பெட்டி வந்தாச்சுல்லா என்றேன், அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பு அன்றைக்கே அவ்வளவு நீளமாக இருந்ததா, இல்லை பிறகு கனவில் நீண்டதா.

இன்றைக்கு ஆறாவது பொருள், பெண் மருத்துவர்களுக்கான ஆறு மாதத் தலைமைப் பயிற்சி, ஆஸ்பத்திரிக்கு ஒருவர், முடித்து வருகிறவருக்கே மகப்பேறு பிரிவின் பொறுப்பு, எழுதிப் போடுட்டி, நான் உனக்குப் பேசுதேன் என்று என்னோடு உட்கார்ந்து என் விண்ணப்பத்தை நிரப்பியவள் அவள்தான், டீன் இரண்டு விண்ணப்பங்களை எடுக்கிறார், இரண்டாவது அவளுடையது. வந்து ஆறு மாதமே ஆன டீன், என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, நிர்வாகக் குழுவுல அஞ்சு வருஷ அனுபவம் கேட்டிருக்காங்க, மினிட்ஸ்ல இவங்க பேரே இல்லையே, இவங்க உறுப்பினரா, இல்ல எழுத மட்டும் வர்றாங்களா என்று கேட்கிறார், துரைப்பாண்டியன் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார், காசிம் சார் தொண்டையைச் செருமி நிறுத்திக்கொள்கிறார், எல்லாம் அறிந்த ஒருத்தி டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு சொல்கிறாள், எழுதத்தான் சார் வருவாங்க. என் கை அதையும் எழுதிக்கொண்டிருந்தது, நிறுத்தற்குறி தப்பாமல்.

வராந்தாவில் ஹெப்சிபா பின்னாலேயே ஓடி வந்தாள், ஏட்டி, மூஞ்சிய அப்படி வைக்காத, எனக்கு இன்னும் நாலு வருஷந்தான் சர்வீசு, உனக்குக் காலம் கிடக்கு, பழைய நோட்டு எல்லாம் உங்கிட்டதான இருக்கு, பட்டியலுக்குக் கீழ ஒரு வரி காலியாத்தான கிடக்கு, உம்பேர எழுதிக்கோ, யாரு பாக்கா, அடுத்த வருஷத்துக்கு ஆகும். முதலில் சொன்னதைவிட இதுதான் வலித்தது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எல்லா நோட்டிலும் அந்த வரியை நான் காலியாக விட்டிருப்பது, எத்தனை நாளாகத் தெரியுமோ. அன்றிரவு வீட்டில் நோட்டுகளை மேசையில் பரப்பி வைத்தேன், பேனா திறந்தே கிடந்தது, கண் அயர்ந்தபோது மாரிக்கனி எதிரே உட்கார்ந்து, அவ்வளவு பேரு பேசுனியளே, நீங்க எங்க இருந்தீய டாக்டரம்மா என்று கேட்டாள்.

காலையில் அந்தப் பயிற்சிக்கு ஆளெடுக்கும் தேர்வுக் குழுத் தலைவருக்கு எழுதினேன், தேதி, பொருள், வரிசை எண் எல்லாம் போட்டு, பழைய பக்கங்களில் ஓர் எழுத்தும் சேர்க்கவில்லை, அந்த எழுபத்துமூன்று கூட்டங்களின் கையெழுத்தும் என்னுடையது, ஒப்பிட்டுக்கொள்ளலாம், பெட்டியின் யோசனை யாருடையது என்று டாக்டர் ஹெப்சிபாவையே கேட்கலாம், கடைசிக் கூட்டத்தில் இருந்தவர்கள், கதவோர நாற்காலியில் நான், மேசைத் தலைப்பில் டீன், வலப்புறம், இடப்புறம், டீ கிளாஸுக்குப் பின்னால் அவள், கேட்ட கேள்வி, சொன்ன பதில், சொல் மாறாமல். உறையை ஒட்டி, நகத்தால் ஓரம் தேய்த்து, தபாலாபீஸில் நீட்டினேன், பதிவுத் தபால் என்றேன், கவுண்டரில் இருந்த அம்மாள் திருப்பிப் பார்த்துவிட்டு, மேடம், அனுப்புநர் இடம் காலியா இருக்கே என்றாள், இன்னமுமா என்று கையைப் பார்த்தேன், பிறகு அவள் பேனாவை வாங்கி, அழுத்தி, என் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன், அதன்மேல் முத்திரை விழுந்தது.