சும்மா கொடுக்காத தாத்தா

"பரிசு கொடுப்பதற்கு முதல் உங்கள் நத்தார் தாத்தா பிள்ளைகளிடம் என்ன கேட்பார்?"

வசீல் ஐயா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். அவருக்கு உக்ரேனிய மொழிதான் வரும். கேள்வியை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னது அவருடைய பேத்தி சொலோமியா. அவளுக்கு ஏழு வயது. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் அவர்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். வசீல் ஐயா, அவருடைய மகள் ஹலீனா அக்கா, சொலோமியா. ஹலீனா அக்கா முதியோர் இல்லத்தில் ஷிப்டுக்குப் போகும் நாட்களில் சொலோமியா எங்கள் குசினியில்தான் இருப்பாள். ஐயாவும் கூட இருப்பார்.

"ஒன்றும் கேட்கமாட்டார்," என்றேன். "பேரைக் கூப்பிடுவார். போய் வாங்குவோம்."

அவர் பேத்தியைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவள் திரும்பவும் சொன்னாள். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். சொலோமியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கம்யூனிஸ்டுகள்கூடப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கவில்லையாம்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் மேலே போய் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து காட்டினார். போருக்குத் தப்பி வந்தபோது அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு பெட்டி. அதில் பாதி இடத்தை இந்தக் கோட் பிடித்திருந்தது. கணுக்கால் வரை நீளும் நீலத் துணி, வெள்ளி நட்சத்திரங்கள், கழுத்தில் வெள்ளைப் பஞ்சுமயிர். கழற்றி மடிக்கக்கூடிய ஒரு கோலும் இருந்தது.

அவர் பேசப்பேச, போன் மொழிபெயர்த்தது. அது தவறவிட்டதைச் சொலோமியா நிரப்பினாள். அவர் பிறப்பதற்கு முன்பே மொஸ்கோவிலிருந்து ஆண்ட கம்யூனிஸ்ட் அரசாங்கம் நத்தார் மரத்தைக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. சில வருடங்கள் கழித்து மரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் நத்தாருக்கு அல்ல, புதுவருடத்துக்கு. மரத்தின் உச்சியில் சிவப்பு நட்சத்திரம். பாலன் யேசுவுக்கு இடமில்லை. நீளக் கோட்டோடு பனித் தாத்தா வந்தார்.

வசீல் ஐயாவின் அம்மா இரண்டையும் கொண்டாடினாராம். புதுவருடத்துக்கு ஊரறிய மரம். பிறகு ஜனவரியில், பழைய நாட்காட்டிப்படி வரும் நத்தார் இரவில், ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டுக் கோதுமையில் தேனும் கசகசாவும் போட்டுப் புக்கை கிண்டுவார். "பள்ளிக்கூடத்தில் கேட்டால் உருளைக்கிழங்கு சாப்பிட்டோம் என்று சொல்லுங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பாராம்.

எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துப்போனது. அரசாங்கம் கொடுத்ததையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்ததையும் விட்டுக்கொடுக்கவில்லை.

வசீல் ஐயா உருக்காலையில் கிரேன் ஓட்டியவர். ஆலையில் உயரமானவர் என்பதால் தொழிற்சங்கம் அவரைப் பனித் தாத்தாவாக்கியது. ஒவ்வொரு தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரு காகிதப் பை. உள்ளே சொக்கிலேற்றும் ஆரஞ்சு நிறச் சின்னத் தோடம்பழங்களும் இருக்கும். மற்ற நாட்களில் கடையில் தோடம்பழம் கண்ணில் படுவதே அரிதாம். பை வேண்டுமென்றால் பிள்ளை ஒரு கதிரையில் ஏறி நின்று பாட்டுச் சொல்லவேண்டும்.

"மறந்துபோனால்?" என்று கேட்டேன்.

"காத்திருப்பேன்," என்றார். "தாத்தாவுக்கு வேறு என்ன வேலை?"

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒருவரும் அப்படிக் காத்திருந்ததில்லை. பதினைந்து வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

அந்த ஆட்சி போன பிறகு ஆலையை விற்றார்கள். பை மெலிந்தது. சில வருடம் சம்பளமே வரவில்லை. அப்போதும் புதுவருடத்துக்கு முதல்நாள் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்களாம், அதனால் அவரும் போனாராம்.

ஆனால் ஹலீனா அக்கா அந்தக் கோட்டை வெறுத்தார். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய கணவர் போரில் இறந்துபோனார். அதோடு மொஸ்கோவிலிருந்து வந்த எல்லாவற்றையும் அவர் வீட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார். டிசம்பர் தொடக்கத்தில் புனித நிக்கலசின் பேரில் மகளின் தலையணைக்குக் கீழே இனிப்பு வைக்கிறார். நத்தாரையும் எங்களைப்போல இருபத்தைந்தாம் திகதிதான் கொண்டாடுகிறார். அவர்களுடைய நாட்டிலும் இப்போது அப்படித்தானாம்.

"அது அவர்கள் அனுப்பிய தாத்தா," என்று என்னிடமே சொன்னார். "என் பிள்ளைக்கு முன்னால் அப்பா அந்தக் கோட்டைப் போடக்கூடாது. போட்டால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்."

அவர் சொன்னதைச் செய்கிறவர். ஐயாவுக்கும் அது தெரியும். கோட் பெட்டிக்குள் போய்விட்டது.

எங்கள் தேவாலயப் பங்குத் தமிழரின் ஒளிவிழா நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை. அன்று காலை அம்மா போனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"தாத்தா வேஷம் போடுற பீற்றருக்குக் காய்ச்சலாம். எழும்ப ஏலாதாம். தாத்தா உடுப்பும் நோர்பரியில அந்தாளின்ர வீட்டிலதான் கிடக்குது. இனி ஆர் போய் எடுக்கிறது?"

"வசீல் ஐயாவிட்ட ஒரு உடுப்பு இருக்கு," என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"என்ன உடுப்பு?"

"நீலக் கோட்."

"நீலத்தில தாத்தாவோ? விசர்க் கதை." அம்மா கொஞ்சம் யோசித்தார். "தாடி இருக்கோ?"

"ஓம்."

"அப்ப அது காணும், சமாளிக்கலாம்."

ஹலீனா அக்கா பகல் ஷிப்டில் இருந்தார். நான் மேலே போய், அம்மா கேட்பதைப் போனில் எழுதிக் காட்டினேன். வசீல் ஐயா அதை வாசித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு பதில் எழுதினார். "சொலோமியா பார்க்கக்கூடாது. நான் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

வீட்டில் அவளைப் பார்க்க வேறு ஆளில்லை. மண்டபத்துக் குசினியில் என்னோடு வைத்திருப்பேன் என்று எழுதினேன். எனக்கும் அது வசதி. விழா என்றால் நான் எப்போதும் குசினியில்தான்.

குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ரீ கொடுக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. சொலோமியாவை அதற்கு முதுகைக் காட்டி இருத்தி, பொரித்த பற்றிஸ்களைத் தட்டில் அடுக்கச் சொன்னேன். நான் ஜன்னலோரம் நின்றேன்.

அவர் உள்ளே வந்ததும் மண்டபம் அடங்கிப்போனது. தொப்பியோடு கதவு நிலை அவருக்கு மட்டுமட்டாக இருந்தது. கோலை நிலத்தில் ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். முன்வரிசையில் இருந்த மன்னார் டொலறஸ் அன்ரி எழுந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"மாதாவின்ர நீலம்," என்றார். "ஆயர் வாறார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

சொல்லிவிட்டு, பிஷப்புக்குச் செய்வதுபோல முழங்காலில் நின்று கோட்டின் ஓரத்தை முத்தமிட்டார். அதைக் கண்டு பின்னால் இருந்த மூன்று நான்கு பேரும் எழுந்து வந்தார்கள். அம்மா ஓடிப்போனார்.

"அன்ரி, எழும்புங்கோ. அது எங்கட மேல்வீட்டு ஐயா."

"மேல்வீட்டில ஆயரை வச்சுக்கொண்டு வாய் திறந்தனியே, மேரிசாந்தி?"

தொழிற்சங்கம் தந்த கோட்டுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று வசீல் ஐயா நினைத்திருக்கமாட்டார். என்ன நடக்கிறதென்று அவருக்கு விளங்கவுமில்லை. ஆனாலும் குனிந்து, டொலறஸ் அன்ரியின் தலையில் மெதுவாகக் கையை வைத்தார். பின்னால் வந்தவர்களின் தலையிலும் வைத்தார். ஒருவரையும் அவர் வெட்கப்பட விடவில்லை.

பிறகு ஒரு கதிரையை இழுத்து நடுவில் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கையைக் காட்டினார். வரும் வழியில் நான் சொல்லிவைத்ததை, நிகழ்ச்சி நடத்திய நிர்மலன் அண்ணைக்கு அம்மா விளங்கப்படுத்தினார். அவர் மைக்கில் சொன்னார்.

"ஏறி நிண்டு ஒரு பாட்டுச் சொன்னாத்தான் பரிசாம்."

"இதென்ன, தாத்தாவோ ரியூஷன் மாஸ்டரோ?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுக்கா பஞ்சம்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் பேச்சுப்போட்டியும் பழக்கி வைத்திருக்கின்றன. டெனுசன் ஏறி ஒரே மூச்சில் ஒப்பித்தான். ஐயா தலையை ஆட்டி, கையால் மெல்ல மெல்ல என்று காட்டி, இன்னொருமுறை சொல்லவைத்தார். அடுத்து லக்‌ஷிகா. இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். அவளுடைய தாய் எடுத்துக்கொடுக்க எழுந்தார். ஐயா ஒரு விரலை உயர்த்தி அவரை இருத்தினார். கோலில் சாய்ந்துகொண்டார். மைக்கைக்கூட நிர்மலன் அண்ணை அணைத்துவிட்டார். அவ்வளவு பேர் ஒரு பிள்ளைக்காகப் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. வரி அவளுக்குத் தானாக வந்தது. அவள் முடித்தபோது ஐயா கோலைத் தரையில் தட்டி, தன் மொழியில் உரத்த குரலில் பாராட்டினார்.

சொலோமியா பற்றிஸைக் கீழே வைத்தாள்.

"என் தாத்தா," என்றாள்.

நான் பிடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். அவளைக் கண்டதும் ஐயாவின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. அவள் அவரைக் கடந்துபோய், வரிசையில் நின்ற பிள்ளைகளையும் விலக்கி, கதிரையில் ஏறினாள்.

அவள் பின்னால் ஓடிய நான் மண்டபத்து வாசலைப் பார்த்தேன். ஹலீனா அக்கா நின்றார். வேலை உடுப்போடு, கையில் மகளின் கழுத்துத் துணியோடு. ஷிப்ட் முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். ஐயாவும் மகளைக் கண்டுவிட்டார். சொலோமியா மட்டும் தாயைக் காணவில்லை. அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அந்தப் பாட்டின் கதையை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். போர்முனையிலிருந்து அவளுடைய அப்பா குரல் பதிவில் அனுப்பியதாம், ஒரு நாளைக்கு ஒரு வரி. புதுவருடத்துக்குக் கதிரையில் ஏறிச் சொல்வதற்காக. புதுவருடம் வருவதற்குள் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் அவளைக் கதிரையில் ஏற்றவில்லை.

நடுவில் ஒரு வரி அவளுக்கு வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். ஐயா காத்திருந்தார். டொலறஸ் அன்ரி செபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மண்டபம் முழுவதும் காத்திருந்தது. வாசலில் ஹலீனா அக்காவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

வரி வந்தது. மிச்சத்தை அவள் அவசரப்படாமல் சொல்லி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா பரிசுப் பையைக் கொடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேல் பொத்தானை அவிழ்த்தபடி மகளைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட ஆயத்தமாக நின்றார்.

"வாங்கோ பிள்ளை, ஒரு ரீ குடிச்சிட்டுப் போங்கோ," என்றார் அம்மா தமிழில்.

ஹலீனா அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளை கதிரையில் ஏறிக்கொண்டிருந்தது. சொலோமியா கீழே உட்கார்ந்து, பையிலிருந்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். ஹலீனா அக்கா தன் அப்பாவையும் கோட்டையும் பார்த்தபடி நின்றார். பிறகு கழுத்துத் துணியைக் கடைசி வரிசைக் கதிரையில் மடித்து வைத்துவிட்டு, கோட்டைக் கேட்காமல், மகளையும் கூப்பிடாமல், தனியாக வெளியே போனார்.