அறுபத்து மூன்றாம் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு தப்பிலிருந்து தப்பிக்கச் சுலபமான வழி உண்டு. அதை எழுதிவைத்துவிட வேண்டும். மென்பொருள் உளறினால் அது பிழை. திருத்தும்வரை வெளியிட முடியாது. அதையே கையேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டால் அது வரம்பு. யாரும் திருத்த வேண்டியதில்லை. தரவுத்தளத்துக்குள் எண்களைத் திணித்து, எத்தனையாவது இலக்கத்தில் அது தடுமாறுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு வரம்புகள் எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்தவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

அன்று காலை மேனேஜர் புதிய பதிப்பின் கையேட்டை என் மேசையில் வைத்தார். பேச்சு முடியும் முன்பே பேனாவை நீட்டுவதால் எங்களுக்குள் அவர் பெயர் பேனா.

"எல்லாம் பழசுதாம்மா. கையெழுத்து போட்டுட்டா மத்தியானமே அனுப்பிடலாம்."

"சோதிச்சுட்டுப் போடறேன் சார்."

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. மனசும் அங்கே இல்லை. அக்காவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு அன்றுதான் வரவேண்டும். அந்த மருத்துவமனைக்குப் போகச் சொன்னதே நான்தான். "எங்க சாஃப்ட்வேர்தான் அங்க ஓடுது, தப்பே நடக்காது" என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

அறுபத்து மூன்றாம் பக்கம்: 'கோப்பிலிருந்து ஏற்றும்போது, பதினைந்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்கள் தோராயமாகச் சேமிக்கப்படலாம்.' பதினேழு இலக்க எண் ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். ஏழில் முடிந்தது, உள்ளே போனதும் எட்டில் முடிந்தது. நிஜமாகவே எட்டில் முடியும் அடுத்த எண்ணையும் ஏற்றினேன். இப்போது உள்ளே ஒரே எண் இரண்டு முறை இருந்தது. தோராயமாம். எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறேன்.

அக்கா கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்லையாம்டி. சாதாரணக் கட்டிதானாம். உங்க அத்தான் என்னைவிட அதிகமா அழறார்."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் திரையைப் பார்த்தேன்.

"அக்கா, முடிவு வந்த காகிதத்துல சாம்பிள் நம்பர் எத்தனை இலக்கம்?"

நிதானமாக எண்ணினாள். பதினேழு.

"கட்டி எடுத்த அன்னிக்குக் குடுத்த சீட்டையும் எடு. ரெண்டையும் கடைசி வரைக்கும் படி."

சீட்டில் கடைசி இலக்கம் ஏழு. முடிவுக் காகிதத்தில் எட்டு.

"டைப் அடிச்சவங்க தூங்கிட்டாங்க போல" என்று சிரித்தாள். திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுப் புதிய கையேட்டோடு மேனேஜரின் அறைக்கு ஓடினேன்.

"சார், இது வரம்பு இல்ல, பிழை. வெளியீட்டை நிறுத்துங்க. மருத்துவமனைக்கு உடனே சொல்லணும்."

அவர் கோபப்படவில்லை. பழைய கையேட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியாச்சேம்மா. கீழ யார் கையெழுத்துன்னு பாரு."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சாப்பிடப் போகும் அவசரத்தில் நானே போட்டது, நன்றாக நினைவிருக்கிறது.

"அவங்க படிக்கலைன்னா நாம என்ன பண்றது?" என்று பேனாவை நீட்டினார்.

வாங்கிப் புதிய கையேட்டில் அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் 'பிழை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இந்தப் பதிப்புக்குத்தான் அது உதவும். அக்காவுக்கு உதவாது. வராந்தாவில் நின்று அவளைக் கூப்பிட்டேன். பின்னால் வீடே கலகலவென்று இருந்தது.

"கொஞ்சம் தனியா வாக்கா. அது உன்னோட முடிவான்னு தெரியல. உனக்கு அடுத்து வந்தவங்களோடதா இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் விழுந்திருக்கு. தப்பு என்னோடது."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்போ என்னோடதை யார்டி படிச்சுக்கிட்டு இருக்காங்க?"