பூனைக்கு அரைக் கிலோ மத்தி

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், எகிப்தில் எங்கள் ஊரான போர்ட் சயீதில் மத்தி மீன் கிலோ இரண்டு பவுண்டு. என் மனைவி இக்லாஸ் கிலோவாக வாங்கிப் பார்த்ததே இல்லை. முழுப் பெட்டியாகத்தான் விலை பேசுவாள். "வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் நடக்கும் நடையைப் பார்க்கவே நான் கூடப் போவேன். பத்தடி போவதற்குள் கடைக்காரன் கூப்பிட்டுவிடுவான். சந்தையில் அவளுக்குப் பெயரே பெட்டிக்காரம்மா.

இப்போது கிலோ நூறைத் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி நான் வாங்கும் பென்ஷன் அந்த வேகத்தில் ஏறவில்லை. பிள்ளைகள் கெய்ரோவில் இருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கு அரைக் கிலோ தாராளம். ஆனால் பெட்டிக்காரம்மா போய் அரைக் கிலோ என்று எப்படிக் கேட்பாள்? சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

கீழ்வீட்டு இன்ஸாஃபும் சந்தைப் பக்கம் வருவதில்லை. ஒருநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது அவளே காரணம் சொன்னாள்.

"எல்லாத்தையும் போன்லயே ஆர்டர் பண்ணிடறேன்க்கா. வாசலுக்கே வந்துடுது. யாரு போய் அந்த மீன் தண்ணியில நிக்கிறது?"

"எங்க வீட்டுல மீனே இப்ப கிடையாது. இவருக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் மீனும் உப்பும் ஆகாதுன்னுட்டார்" என்றாள் இக்லாஸ்.

எனக்கு ஒரு கொதிப்பும் இல்லை. பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் அவளுக்கே மீன் ஆசை வந்துவிட்டது. "கிளம்புங்க, போர்ட் ஃபுவாதுக்குப் போவோம். அக்கரையில நம்மளை எவனுக்குத் தெரியும்?" என்றாள். சூயஸ் கால்வாயைக் கடக்கும் படகுக்குத்தான் டிக்கெட் கிடையாதே. ஏறினோம்.

அங்கே மித்வல்லி என்பவர் கடையில் நல்ல கூட்டம். இக்லாஸ் உள்ளே நுழைந்து, குரலைத் தாழ்த்தி, "அரைக் கிலோ மத்தி குடுப்பா. பூனைக்குத்தான்" என்றாள்.

மித்வல்லி தராசிலிருந்து நிமிர்ந்தார். "இந்தம்மாவும் பூனைக்குத்தான் கேட்டாங்க. என்ன, பூனைங்களுக்கு இன்னைக்குப் பெருநாளா? தலையைக் கிள்ளணுமா, இல்ல அதுங்களே கிள்ளிக்குமா?"

முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு நின்ற 'இந்தம்மா' திரும்பினாள். இன்ஸாஃப்!

இன்ஸாஃப்தான் மெல்லக் கேட்டாள்: "அக்கா... நீங்க எப்ப பூனை வளர்க்க ஆரம்பிச்சீங்க?"

"நீ எப்ப ஆரம்பிச்சியோ அப்பதான்."

"எனக்குப் பூனை முடி பட்டாலே தும்மல் வருமேக்கா!"

இக்லாஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. இன்ஸாஃப் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எனக்கு உப்பும் ஒத்துக்கும்மா" என்று நானும் உண்மையைப் போட்டு உடைத்தேன்.

"போன்ல வாங்கினா கொண்டுவர்ற கூலியே மீன் விலைக்கு வந்துடுதுக்கா. ரெண்டு தடவையோட விட்டுட்டேன்" என்றாள் இன்ஸாஃப்.

இக்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓரத்திலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "இது முழுசா என்ன விலை?"

"பத்து கிலோம்மா. ஆயிரம்."

"அறுநூறு."

"என் மீன் படகையே கொளுத்திட்டுப் போகச் சொல்றீங்களா?"

"அப்ப நீயே வச்சுக்கோ." இக்லாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். எத்தனை வருஷமாயிற்று அந்த நடையைப் பார்த்து! மித்வல்லி அசையவில்லை. பத்தடி தாண்டிவிட்டாள்.

"எழுநூத்தி அம்பது! அதுக்குக் கீழே போனா என் பெண்டாட்டி என்னை வீட்டுல சேர்க்க மாட்டா!" என்று கத்தினார் அவர்.

இதற்குள் இன்ஸாஃப் பெட்டியைப் படமெடுத்து, எங்கள் கட்டடத்துக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தாள். 'பங்கு யாருக்கு வேணும்?' மூன்றாம் மாடி ஆசிரியர் முதலில் கேட்டார். அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று வீடுகள்.

பெட்டியை நானும் இன்னொரு பயணியும் படகில் ஏற்றினோம். ஐஸ் உருகி என் செருப்பெல்லாம் நனைந்தது. படிக்கட்டடியில் பங்கு பிரித்தபோது ஆசிரியர், "எனக்கு மட்டும் பொடி மீனாப் போட்டீங்க" என்று சண்டைக்கு வந்தார். "கிளாஸ்ல மார்க் போடறப்ப நீங்க தாராளமா போடறீங்களா?" என்று இக்லாஸ் அடக்கிவிட்டாள்.

மத்தியானம் மீன் அடுக்கிய எங்கள் தட்டும் இன்ஸாஃபின் தட்டும் சுட்டெடுக்க ரொட்டிக்கடை அடுப்புக்குச் சேர்ந்தே போயின. வெங்காயத்தைக் கருகக் கருக வறுத்துப்போட்ட சோறு அவள் வீட்டிலிருந்து வந்தது. சீரகமும் பூண்டும் தடவிச் சுட்ட மத்தியை அதோடு பிசைந்து, முள்ளைக்கூடச் சரியாக எடுக்காமல் தின்றேன்.

இப்போது வியாழன்தோறும் போகிறோம். போன வாரம் பக்கத்துக் கட்டடமும் சேர்ந்துகொண்டது. இரண்டு பெட்டி. மித்வல்லி இக்லாஸைக் கண்டதுமே, "இன்னைக்கு நடக்க வேண்டாம்மா, விலையை நீங்களே சொல்லிடுங்க" என்கிறார்.

அவள் விடுவதில்லை. அவர் எந்த விலைக்கு ஒத்துக்கொண்டாலும் பத்தடி நடந்துவிட்டுத்தான் திரும்புகிறாள்.